இருபது நிமிஷ ஆட்டம், ஆறு மணி நேர வேலை

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களையும் இருமலையும் மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

இந்த வாரம் சாஃப்ட்வேர் இல்ல, ஸ்டார்ட்அப் இல்ல. சம்பளம் பத்திப் பேசப் போறோம். ஆனா நம்ம சம்பளம் இல்ல.

காரைக்கால்ல எங்க பேட்ச் பசங்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப் இருக்கு. பாதிப் பேரு துபாய், சிங்கப்பூர். ரெண்டு மூணு பேரு பாரீஸ். மீதி சென்னை, பெங்களூர், நான் உட்பட. போன டிசம்பர்ல ஒருத்தன் ஒரு போஸ்டர் போட்டான். கடலோரமா ஒரு ரெஸ்டாரண்ட், நியூ இயர் நைட்டுக்கு பெல்லி டான்ஸ். அவ்வளவுதான், குரூப் பத்திக்கிச்சு. ஒரு கோஷ்டி, "அம்மையார் பொறந்த ஊர்ல இதெல்லாமா?"ன்னு கேக்குது. இன்னொரு கோஷ்டி, "ஜோடிக்கு என்ன ரேட், டேபிள் கிடைக்குமா?"ன்னு கேக்குது. துபாய் பசங்க டெசர்ட் சஃபாரியில எடுத்த வீடியோவா கொட்டறாங்க. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போச்சு.

நான் மொத்தத்தையும் ஸ்க்ரோல் பண்ணிப் பாத்தேன். ஆடப் போற பொண்ணுக்கு எவ்வளவு கொடுப்பாங்க, ஆட்டம் முடிஞ்சு நடுராத்திரிக்கு மேல எப்படி ரூமுக்குப் போவாங்க, துணி எங்க மாத்துவாங்கன்னு ஒருத்தர்கூட கேக்கல. ஒழுக்கத்தைப் பத்தி ஒரு கட்சி, டிக்கெட்டைப் பத்தி ஒரு கட்சி. வேலையைப் பத்திப் பேச ஆளே இல்ல. இந்த எபிசோட் அந்த மூணாவது கட்சிக்காக.

முதல்ல வேலை எப்படி நடக்குதுன்னு பாப்போம். உலகம் பூரா ரெஸ்டாரண்ட்ல ஆடறவங்களுக்குப் பொதுவான ஒரு வார்த்தை, செட். ஒரு செட்டுன்னா பதினஞ்சு, இருபது நிமிஷம். டேபிளுக்கு டேபிள் போய் ஆடணும், பிளேட்டைத் தட்டாம, வெயிட்டர் மேல மோதாம. ரெஸ்டாரண்ட் ஓனர் கணக்குல அது இருபது நிமிஷ வேலை, அதுக்குத்தான் காசு. ஆனா அந்தப் பொண்ணோட கணக்கு வேற. சாயங்காலம் மேக்கப்புக்கு ஒன்றரை மணி நேரம், பயணம், ரெண்டு செட்டுக்கு நடுவுல காத்திருப்பு, ராத்திரி திரும்பற நேரம். கூட்டம் வரலைன்னா முதல் செட் ஒன்பதுல இருந்து பத்தரைக்குத் தள்ளிப் போகும். அந்த ஒன்றரை மணி நேரம் யாரோட நேரம்? நம்ம ஆஃபீஸ்ல ஆன்-கால்னு ஒண்ணு இருக்கே, அதுக்கு அலவன்ஸ் கேட்டு எவ்வளவு சண்டை போடறோம்! இவங்க பண்றது முழு ஆன்-கால், பைசா கிடையாது.

ஒரு கணக்குக்காகச் சொல்றேன், எண்கள் என்னோட கற்பனை. ரெண்டு செட்டுக்கு 3,000 ரூபாய்னு வைங்க. நாப்பது நிமிஷத்துக்கு மூவாயிரமான்னு வாயைப் பொளப்போம். அதுல ஏஜென்ட் கமிஷன் 900 போயிருச்சு. டாக்ஸி 600. மேக்கப், டிரெஸ் தேய்மானம் 300. கையில நிக்கிறது 1,200. ஆறு மணி நேரத்துக்கு வகுத்தா மணிக்கு 200 ரூபாய். இது வேலை கிடைச்ச ராத்திரிக்கு மட்டும். மாசத்துல எட்டு ராத்திரிதான் கூப்பிட்டாங்கன்னா 9,600. இதுல பிஎஃப் இல்ல, ஈஎஸ்ஐ இல்ல, முட்டி பிசகினா லீவும் இல்ல.

அப்புறம் ரேட் உடைக்கிற பிரச்சனை. வெளிநாட்டு பெல்லி டான்ஸ் வட்டாரங்கள்ல இது பழைய புண்ணு. புதுசா கத்துக்கிட்ட ஒருத்தர், பேரு வந்தா போதும்னு ஃப்ரீயாவோ டிப்ஸுக்கு மட்டுமோ ஆட ஒத்துக்குவாங்க. பத்து வருஷமா அதையே தொழிலா வச்சிருக்கறவங்களுக்கு அடுத்த வாரம் ஃபோன் வராது. நம்ம ஃப்ரீலான்ஸ் வெப்சைட்ல 50 டாலருக்கு ஆப் செஞ்சு தர்றேன்னு ஒருத்தன் வந்து நிப்பானே, அதே கதைதான்.

சரி, இந்தியாவுல இந்த வேலையைப் பத்திப் பெரிய சண்டை ஏதாவது நடந்திருக்கா? நடந்திருக்கு. பதினாலு வருஷம் நடந்துச்சு, மும்பையில. கேட்டிருப்பீங்க, டான்ஸ் பார். அதை வெறும் போலீஸ் ரெய்டு கதையாத்தான் நமக்கு நியூஸ்ல காட்டினாங்க. அதுக்குள்ள ஒரு சம்பளக் கதை இருக்கு.

2005-ல மகாராஷ்டிரா அரசு பம்பாய் போலீஸ் சட்டத்தைத் திருத்தி, மது பரிமாறுற இடங்கள்ல ஆட்டத்துக்குத் தடை போட்டுச்சு. ஆனா மூணு நட்சத்திரமும் அதுக்கு மேலயும் இருக்கற ஹோட்டலுக்கு மட்டும் விலக்கு. அதாவது பெரிய ஹோட்டல்ல ஆடினா கலை, சின்ன பார்ல ஆடினா ஆபாசம். அப்போ இந்த வேலையில ஏறக்குறைய 75,000 பெண்கள் இருந்தாங்கன்னு கோர்ட்ல பேசப்பட்டுச்சு. அந்த எண் துல்லியமோ இல்லையோ, ஒரு ஊரையே காலி பண்ற அளவு கூட்டம்.

எதிர்த்து வழக்குப் போட்டவங்கள்ல பார் ஓனர்கள் சங்கம் இருந்துச்சு, அதுல ஆச்சரியம் இல்ல. ஆடற பெண்களே சேர்ந்து ஒரு சங்கம் வச்சிருந்தாங்க, பாரதிய பார்கேர்ள்ஸ் யூனியன். அவங்களும் கோர்ட்டுக்குப் போனாங்க. "எங்களைக் காப்பாத்தறோம்னு சொல்லி எங்க வேலையைப் பிடுங்காதீங்க"ங்கறதுதான் அவங்க வாதத்தோட சாரம். 2006 ஏப்ரல்ல பம்பாய் ஹைகோர்ட் தடையை ரத்து பண்ணுச்சு. அரசு அப்பீல் போச்சு. சுப்ரீம் கோர்ட்ல 2013 ஜூலைல அந்தத் தீர்ப்பை உறுதி பண்ணாங்க. தடையால வேலை இழந்த பெண்கள் பலர் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்டதையும் கோர்ட் கணக்குல எடுத்துக்கிச்சு. எட்டு வருஷம், மக்களே. 2005-ல இருபத்தி ரெண்டு வயசுல ஆடிட்டு இருந்தவங்களுக்குத் தீர்ப்பு வரும்போது முப்பது. அந்த எட்டு வருஷத்துல பல பேரு ஆர்கெஸ்ட்ரா பார்ல பாடகியா, வெயிட்டரா மாறினாங்க, சிலர் வளைகுடா போனாங்க.

அதோட முடியல. 2014-ல மறுபடி தடை, இந்தத் தடவை ஸ்டார் ஹோட்டலையும் சேத்து. 2015-ல சுப்ரீம் கோர்ட் அதை நிறுத்தி வச்சுது. 2016-ல மகாராஷ்டிரா ஒரு புதுச் சட்டம் கொண்டு வந்துச்சு. பேர்லயே "பெண்களின் கண்ணியத்தைப் பாதுகாத்தல்"னு வரும். தடைன்னு சொல்லாம, யாருமே லைசென்ஸ் வாங்க முடியாத மாதிரி நிபந்தனைகள். பள்ளிக்கூடத்துல இருந்தும் கோயில், மசூதியில இருந்தும் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கணுமாம். மும்பையில அப்படி இடம் வேணும்னா கடலுக்குள்ளதான் போகணும். ஆடற இடத்துல மது கூடாது, சிசிடிவி வைக்கணும், பாருக்கும் மேடைக்கும் நடுவுல சுவர் இருக்கணும், இப்படி.

2019 ஜனவரி 17-ம் தேதி நீதிபதிகள் சிக்ரி, அசோக் பூஷண் அமர்வு இதுல தீர்ப்பு சொல்லுச்சு. டிவியில வந்தது "டான்ஸ் பாருக்கு அனுமதி"ங்கற ஒரே வரி. நான் தீர்ப்பை உக்காந்து படிச்சேன். அதுல மூணு விஷயம் நம்ம டாப்பிக்குக்கு நேரா வருது.

ஒண்ணு, ஆடறவங்க மேல நோட்டை வீசறது கூடாதுங்கற விதியைக் கோர்ட் ஏத்துக்கிச்சு. ஆனா டிப்ஸே கையில கொடுக்கக் கூடாது, பில்லுல சேத்துத்தான் வரணும்ங்கறதை ஒத்துக்கல. ஆட்டம் பிடிச்சிருந்தா டிப்ஸ் கொடுக்கலாம். இது நியாயம்னு எனக்குத் தோணுது. பில்லுல சேர்ற டிப்ஸ் யார் கைக்குப் போகுதுங்கறது நம்ம ஊர் ஹோட்டல்ல சர்வீஸ் சார்ஜ் கட்டின எல்லாருக்கும் தெரியும்.

ரெண்டாவது, ஆடறவங்களோட எழுத்துப்பூர்வமா ஒப்பந்தம் போடணும், பணம் அவங்க பேங்க் அக்கவுண்ட்டுக்குப் போகணும். இந்த விதி செல்லும்னு சொல்லிட்டாங்க. பல விதிகளை அடிச்ச கோர்ட் இதை ஏன் விட்டு வச்சுதுன்னு யோசிச்சுப் பாருங்க. மத்ததெல்லாம் ஆட்டத்தைக் கட்டுப்படுத்துற விதி. இது சுரண்டலைக் கட்டுப்படுத்துற விதி. பழைய பார்கள்ல பெரும்பாலும் சம்பளம்னு ஒண்ணு கிடையாது. வீசின நோட்டை ராத்திரி எண்ணி, ஓனருக்கு ஒரு பங்கு, ஆடினவங்களுக்கு ஒரு பங்கு. எண்ணறது யாரு? ஓனரோட ஆளு.

மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். கட்டாயமா மாசச் சம்பளத்துலதான் வேலைக்கு வைக்கணும்னு சட்டத்துல இருந்துச்சு. கேக்க நல்லாத்தானே இருக்கு? கோர்ட் அதை ரத்து பண்ணுச்சு. மாசச் சம்பளம்னு கட்டினா ஆடறவங்க ஒரே இடத்துல மாட்டிக்குவாங்க, நல்ல ரேட் கொடுக்கற இன்னொரு இடத்துக்குப் போற சுதந்திரம் போயிரும்ங்கற கோணத்துல பாத்தாங்க.

இங்க எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு இருக்கு. நாலு இடத்துல பேரம் பேசற அளவு பேரு வாங்கின டான்ஸருக்கு அந்தச் சுதந்திரம் நிஜம். வாரம் ஆறு நாள் ஒரே ரெஸ்டாரண்ட்ல, அவங்க சொல்ற டைம்ல, அவங்க சொல்ற டிரெஸ்ல, அவங்க சொல்ற பாட்டுக்கு ஆடறவங்களை "சுதந்திரக் கலைஞர்"னு கூப்பிடறது என்ன சுதந்திரம்? ஐடி கம்பெனியில தர்ட் பார்ட்டி பேரோல்ல மூணு வருஷம் ஒரே சீட்ல உக்காந்தவங்களுக்கு நான் சொல்றது புரியும். யாரு நேரத்தையும் வேலை செய்யற விதத்தையும் தீர்மானிக்கறாங்களோ அவங்கதான் முதலாளி. நம்ம தொழிலாளர் சட்ட வழக்குகள்ல கோர்ட் பாக்கற அளவுகோல்கள்ல இதுவும் ஒண்ணு. அதனால கட்டாயம்னு வேணாம், ஆனா கேக்கறவங்களுக்கு மாசச் சம்பளம் கிடைக்கற வழி இருந்திருக்கணும்.

சின்னதா ஒரு கிளைக்கதை. லாஸ் ஏஞ்சலஸ்ல ஸ்டார் கார்டன்னு ஒரு ஸ்ட்ரிப் கிளப். பாதுகாப்பு இல்லைன்னு புகார் பண்ண பெண்கள் மாசக்கணக்கா வாசல்ல நின்னு போராடி, 2023 மே மாசம் சங்க வாக்கெடுப்புல ஜெயிச்சாங்க. 17-க்கு 0. சேர்ந்தது எந்தச் சங்கத்துல தெரியுமா? பிராட்வே நாடக நடிகர்களோட ஆக்டர்ஸ் ஈக்விட்டி. மேடையில ஏறினா நீங்க மேடைக் கலைஞர்தான்னு அந்தச் சங்கம் முடிவு பண்ணிருச்சு. அந்த வரியை நான் ரெண்டு தடவை படிச்சேன்.

நம்ம ஊர்ல அந்த மாதிரி எதாவது இருக்கா? ஆச்சரியமா, சினிமாவுல இருக்கு. 1981-லயே சினிமாத் தொழிலாளர்களுக்குன்னு தனிச் சட்டம் வந்துச்சு. அதுல "டான்ஸர்"ங்கற வார்த்தை இருக்கு. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாம வேலைக்கு எடுக்கக் கூடாது. இப்போ 2025 நவம்பர் 21-ல இருந்து நடைமுறைக்கு வந்த புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புல அது ஆடியோ-விஷுவல் தொழிலாளர்னு விரிஞ்சிருக்கு. அங்கயும் டான்ஸர் உண்டு. ஆனா கேமரா இருந்தாத்தான். அதே பொண்ணு, அதே பாட்டு. ஸ்டுடியோவுல ஆடினா அந்தச் சட்டத்துல பேரு இருக்கு, ரெஸ்டாரண்ட்ல ஆடினா இல்ல.

இப்போ ஊருக்கு வருவோம். உண்மையைச் சொன்னா, காரைக்கால் பக்கம் ஆடிப் பிழைக்கறவங்கள்ல முக்கால்வாசி ரெஸ்டாரண்ட் ஆட்கள் இல்ல. ஆடல் பாடல் செட்ல போறவங்க. நாகை, மயிலாடுதுறை, திருவாரூர்னு டெல்டா பூரா கோயில் திருவிழாவுக்கு வேன்ல போறவங்க. இந்த எபிசோடுக்காக ஒரு அக்காகிட்ட பேசினேன். பேரு, ஊரு சொல்ல வேணாம்னு கேட்டாங்க. பன்னிரண்டு வருஷமா ஆடறாங்க. சீசன்ல செட்டோட போவாங்க, சீசன் இல்லாதப்போ ஹோட்டல் பார்ட்டி, கல்யாண ரிசப்ஷன்.

"எது பரவால்லக்கா, ஹோட்டலா திருவிழாவா?"ன்னு கேட்டேன்.

"ஹோட்டல்ல பாத்ரூம் இருக்கும் தம்பி"ன்னாங்க.

சிரிச்சிட்டுத்தான் சொன்னாங்க. திருவிழாவுல மேடைக்குப் பின்னாடி நாலு கம்பு நட்டு படுதா கட்டியிருப்பாங்க. அதுக்குள்ள அஞ்சாறு பொண்ணுங்க துணி மாத்தணும். படுதாவுக்கு வெளிய பசங்க செல்ஃபோனோட நிப்பாங்க. "அதனால நாங்க வேனுக்குள்ளயே லைட்டை அணைச்சிட்டு மாத்திக்குவோம். சாயங்காலத்துல இருந்து தண்ணி குடிக்க மாட்டோம், எங்க போறது?"

காசு எப்படின்னு கேட்டேன். விழாக் கமிட்டி செட்டுக்காரர்கிட்ட மொத்தமாப் பேசுவாங்க. எவ்வளவுக்குப் பேசினாங்கன்னு இவங்களுக்குத் தெரியாது. இவங்களுக்கு ராத்திரிக்கு இவ்வளவுன்னு ஒரு தொகை. சீசனுக்கு முன்னாடி அட்வான்ஸ் வாங்கியிருந்தா அதுல கழிப்பாங்க. அந்த அட்வான்ஸ்தான் கயிறு. அது தீர்ற வரைக்கும் வேற செட்டுக்குப் போக முடியாது. மழை வந்து புரோகிராம் கேன்சல் ஆனா பாதிச் சம்பளம், சில சமயம் அதுவும் இல்ல. மேடையில மைக்ல பேரைச் சொல்லி அன்பளிப்பா குத்துற நோட்டு? "அது பொதுவுக்குப் போயிரும். குத்துறவன் கை மட்டும் எங்க மேல."

இந்த நிகழ்ச்சிகளுக்குப் போலீஸ் அனுமதி கேட்டு வருஷா வருஷம் மெட்ராஸ் ஹைகோர்ட்ல, மதுரைக் கிளையில வழக்குப் போடறாங்க. கோர்ட்டும் நிபந்தனையோட அனுமதி கொடுக்குது. ஆபாசம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, சாதித் தலைவர், கட்சி பேனர் கூடாது, இத்தனை மணிக்குள்ள முடிக்கணும். நான் படிச்ச உத்தரவுகள்ல எதுலயும் உடை மாத்த ஒரு ரூம் வேணும்னு இல்ல. ஆடினவங்களுக்குச் சம்பளம் கொடுத்ததுக்கு ரசீது வேணும்னு இல்ல. டிரெஸ் எவ்வளவு நீளம்னு கேக்கறோம், அந்த டிரெஸ்ஸை எங்க மாத்தினன்னு கேக்கறதில்ல. எப்படியும் கமிட்டி ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தருது. அதுலயே இன்னும் ரெண்டு வரி சேக்கறதுக்குப் பெரிய சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்ல.

நல வாரியம் இருக்கேன்னு கேப்பீங்க. தமிழ்நாட்டுல நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007-ல இருந்து நல வாரியம் இருக்கு. கரகம், காவடி, ஒயிலாட்டம் ஆடறவங்க அடையாள அட்டை வாங்கலாம். ஆனா சினிமாப் பாட்டுக்கு ஆடறதை நாட்டுப்புறக் கலைன்னு யாரு ஒத்துக்குவா? அதோட அது தமிழ்நாடு அரசோட வாரியம். வாஞ்சூர் தாண்டினா நாம புதுச்சேரி. குவார்ட்டர் வாங்க நாகூர்க்காரங்க இந்தப் பக்கம் வர்றாங்க, ஆடிச் சம்பாதிக்க நம்ம ஆளுங்க அந்தப் பக்கம் போறாங்க. எல்லை ரெண்டுக்கும் ஒரே மாதிரி வேலை செய்யறதில்ல.

இருக்கற சட்டத்துல இப்பவே பயன்படுத்தக் கூடியது ஒண்ணு இருக்கு. அந்த அக்காவுக்கே அது தெரியல, அதனால கொஞ்சம் விளக்கமாச் சொல்றேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ம் வருஷச் சட்டம். ஆஃபீஸ்ல வருஷத்துக்கு ஒரு தடவை வீடியோ போட்டு குவிஸ் வைப்பாங்களே, அதேதான். அது ஐடி கம்பெனிக்கு மட்டும்னு நாம நினைச்சுட்டு இருக்கோம். அதுல பணியாளர்ங்கற வார்த்தைக்குள்ள தினக்கூலி, தற்காலிகம், ஏஜென்ட் மூலமா வந்தவங்க எல்லாரும் வர்றாங்க. பணியிடம்ங்கறதுல பொழுதுபோக்குத் தொழில் நடத்துற தனியார் இடங்களும் வருது, முதலாளி ஏற்பாடு பண்ற வேனும் வருது. பத்துப் பேருக்குக் குறைவா வேலை செய்யற இடம்னாலோ, புகாரே முதலாளி மேலன்னாலோ மாவட்ட அளவுல உள்ளூர்ப் புகார்க் குழுகிட்ட போகலாம். மூணு மாசத்துக்குள்ள எழுத்துல கொடுக்கணும். முக்கியமா, அங்க வந்துபோற வெளி ஆட்கள்கிட்ட இருந்து பாதுகாப்புக் கொடுக்கறதும் முதலாளியோட கடமை. கஸ்டமர் கையை வச்சா, "அவரு ரெகுலர் கஸ்டமர், கண்டுக்காத"ன்னு ஓனர் சொல்ல முடியாது.

வளைகுடாவுக்கு ஆடப் போறவங்களுக்கும் ஒரு வார்த்தை, ஏன்னா நம்ம ஊர்ல ஏஜென்ட்டுக்குப் பஞ்சமில்ல. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கறவங்க 1983-ம் வருஷக் குடியேற்றச் சட்டப்படி பதிவு பண்ணியிருக்கணும். பதிவு நம்பரைக் கேளுங்க, இ-மைக்ரேட் தளத்துல பாருங்க. விசிட் விசாவுல போய் வேலை செய்யலாம்னு சொன்னா அங்கயே நிறுத்திக்குங்க. பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கறது அமீரகத்துலயும் சட்டப்படி தப்புதான்.

அக்காகிட்ட கடைசியா, ஒரு பேப்பர்ல எழுதி வாங்கணும்னா என்னென்ன எழுதுவீங்கன்னு கேட்டேன். நான் லேப்டாப்ல டைப் பண்ணிட்டே இருந்தேன், அவங்க விரல் விட்டுச் சொன்னாங்க. எத்தனை மணிக்கு வரணும், எத்தனை மணிக்கு விடுவாங்க. அதுக்கு மேல ஆனா எவ்வளவு. கேன்சல் ஆனா எவ்வளவு. பூட்டு போட்ட ரூம், உள்பக்கம் தாழ்ப்பாளோட. சாப்பாடு. வீட்டு வாசல் வரைக்கும் வண்டி, "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இல்ல தம்பி, வாசல் வரைக்கும்." கூட்டத்துல யாராவது மேல ஏறினா ஆட்டத்தை நிறுத்தலாம், நிறுத்தினாலும் சம்பளம் முழுசு. இதைச் சொல்லிட்டு கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "அட்வான்ஸ் எவ்வளவு, கழிச்சது எவ்வளவுன்னு ஒரு நோட்டுல எழுதி எங்கிட்டயும் ஒண்ணு கொடுக்கணும். அவர்கிட்ட மட்டும் இருக்கு இப்போ."

அதை ஒரு பக்க ஒப்பந்தப் படிவமா தமிழ்ல அடிச்சு, ஒரு வக்கீல் நண்பர்கிட்ட காட்டிச் சரி பார்த்துட்டு இருக்கேன். முடிஞ்சதும் இந்தப் பக்கத்துலயே போடறேன், யாரு வேணா எடுத்துக்கலாம். புதுச்சேரியிலயோ காரைக்கால்லயோ ரெஸ்டாரண்ட் நடத்தறவங்க இதைக் கேட்டுட்டு இருந்தா, படிவத்துல எந்த வரி ஒத்து வராதுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. ஆடறவங்க யாராவது கேட்டா, எந்த வரி விட்டுப்போச்சுன்னு சொல்லுங்க, பேரு வேணாம். அடுத்த எபிசோட்ல அந்தப் பதில்களைப் படிக்கறேன்.